நோடோணாவா, மாடோணாவா

முப்பத்தொரு வயதில் ரிட்டையர் ஆனவன் எழுதும் அனுபவக் கட்டுரை இது. சிரிக்க வேண்டும் என்று தோன்றினால் இப்போதே சிரித்துவிடுங்கள். கம்பெனி கொடுத்த கடிதத்தில் 'விருப்ப ஓய்வு' என்றுதான் இருக்கிறது. எங்கள் டீம் பார்த்துவந்த வேலை மொத்தத்தையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். கூடவே போகிறாயா, பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். பெங்களூர் ஜீவனஹள்ளியில் மாடி வீடு. மதியம் இரண்டு மணிக்குத் தூங்கலாம். இந்தச் சுகம் தெரியாமல் இத்தனை வருடம் போயிருக்கிறது.

தூக்கத்தைக் கெடுப்பது பக்கத்து டீம் பிள்ளைகள்தான். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. அக்கவுண்ட்ஸ் சர்டிஃபிகேட் தேர்வுக்கான ஃபீஸையும் போனஸையும் கம்பெனியிடமிருந்து எப்படி வாங்குவது? முன்பு மேனேஜரிடம் கேட்டோம். இப்போது ஒரு சாட்பாட்டிடம் கேட்க வேண்டுமாம். "அண்ணா, அது டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள நாட் எலிஜிபிள்னு போட்டுருது. நீங்கல்லாம் எப்படி வாங்குனீங்க?" என்று ஒருத்தன் கேட்டான். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லை. அதனால்தான் இது.

முதலில் என் படிப்புக் கதை. பி.காம். முடித்தேன், கேம்பஸில் எடுத்தார்கள், ட்ரெயினிங் என்ற பெயரில் ஏசி அறையில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டினார்கள். டெபிட் எது, கிரெடிட் எது என்று எனக்கு உண்மையாகவே புரிந்தது ஒரு நாள் காலை ஆபீஸ் கேபில் தூங்கும்போது. பனியில் ஃப்ளைஓவர் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் இந்தப் பக்கம் ஒரு வண்டி போனது. விழித்தபோது வாயோரம் எச்சில், மனதில் ஞானம். அந்த வருடங்கள் முழுவதையும் இப்போது நினைத்தால் அப்படித்தான் இருக்கிறது: பாதித் தூக்கத்தில் கேப் ஜன்னலில் தலை மோத மோதப் போன ஒரே ஒரு நீண்ட காலை.

எங்கள் வேலையில் மேலே ஏற ஒரு வெளிநாட்டுச் சான்றிதழ் வேண்டும். இரண்டு பேப்பர், ஃபீஸ் டாலரில். கம்பெனி விதி எளிமையானதுதான். நீ உன் காசைக் கட்டி எழுது. இரண்டு பேப்பரும் பாஸானால் ரசீதைக் கொடு, பணத்தைத் திருப்பித் தருவோம். அதன் மேல் ஒரு முறை போனஸ் உண்டு. வாங்கிய பிறகு ஒரு வருடம் வேறு கம்பெனிக்கு ஓடக் கூடாது.

இதற்கெல்லாம் அப்ரூவல் தருபவர் எங்கள் மேனேஜர் சுதா மேடம். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் முடிவை மட்டும் கன்னடத்தில் சொல்வார். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். தமிழில் சொன்னால் நாங்கள் பேரம் பேசுகிறோமாம்.

அவரிடம் எந்த விஷயத்தோடு போனாலும் முதல் கேள்வி, "ஊட்டா ஆச்சா?" சாப்பாடு ஆகவில்லை என்றால் பேச்சே கிடையாது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். ஆகிவிட்டது என்றால் லேப்டாப்பைப் பாதி மூடுவார். முழுதாக மூடினால் நாம் வந்த காரியம் கெட்டுவிட்டது என்று பொருள். பாதி மூடிய பிறகு கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்ப்பார். அங்கே ரோஸ் நிறத்தில் பூக்கும் ஒரு மரம். வருடத்தில் சில வாரம் அதில் இலையே இருக்காது, பூ மட்டும்தான். அந்த வாரங்களில் மேடத்திடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்று டீமில் நம்பினார்கள். நானும் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

நான் முதன்முதலாகப் போனது மரத்தில் இலை மட்டும் இருந்த மாதத்தில். முதல் பேப்பரை யாரிடமும் சொல்லாமல் எழுதிப் பாஸாகியிருந்தேன். பெரிய சாதனை என்ற நினைப்பு. ரசீதை மேஜையில் வைத்து ஃபீஸையும் கொடுங்கள், போனஸில் பாதியையும் கொடுங்கள் என்றேன். மேடம் மரத்தைப் பார்த்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னியா பா?"

இல்லை என்றேன்.

"அப்போ அது உன் ஆசைக்கு எழுதினது. கம்பெனி ஆசைக்கு எழுதினதுக்குத்தான் கம்பெனி குடுக்கும்."

லேப்டாப் முழுதாக மூடியது. பிள்ளைகளே, முதல் பாடம் இதுதான், இதற்கு நான் கொடுத்த விலை ஒரு பேப்பரின் முழு ஃபீஸ். பாஸான பிறகு கேட்டால் அது பிச்சை. எழுதுவதற்கு முன்னால் கேட்டால்தான் அது பேச்சுவார்த்தை.

இரண்டாவது பேப்பருக்கு முன்கூட்டியே போனேன். அதற்குள் கொஞ்சம் விவரம் வந்திருந்தது. போனஸைக் கூட்டிக் கேட்பதற்குப் பதிலாக, வெளி ஆள் ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்துகொண்டிருந்த மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்றை நானே செய்கிறேன் என்றேன். சர்டிஃபிகேட் வந்தால் அதில் கையெழுத்துப் போடும் தகுதி எனக்கு வந்துவிடும், வெளி ஆள் தேவைப்படாது, அந்தச் செலவில் இருந்து எனக்குப் போனஸ் கொடுங்கள் என்றேன். மேடம் வெகுநேரம் வெளியே பார்த்தார். மரத்தில் அங்கங்கே மொட்டு. பிறகு சொன்னார்: "மாடோணா."

அந்தச் சொல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னடத்தில் மாடோணா என்றால் செய்துவிடலாம். நோடோணா என்றால் பார்க்கலாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுதா மேடம் வாழ்நாளில் யாருக்கும் இல்லை என்று சொன்னவர் அல்ல. நோடோணா என்பார், அந்த விஷயம் மெல்ல மெல்லப் பனியில் கரைந்து போய்விடும். எங்கள் டீமில் லீவு, சம்பளம், பிரமோஷன் எல்லாம் இந்த இரண்டு சொற்களின் முதல் எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அன்று கிடைத்தது 'மா'; பாஸானதும் போனஸ் வந்தது.

இனி ஃபிலோ.

ஃபிலோமினா என் பக்கத்து சீட். விவேக் நகர், குழந்தை இயேசு கோயில் தெரு. வியாழக்கிழமை கோயில் கூட்டத்தில் பஸ் நகராது, அதனால் வியாழன்தோறும் லேட்டாக வருவாள், மெழுகுவர்த்தி வாசனையோடு. டீமில் என்னைவிடக் கணக்கு தெரிந்தவள். முதல் பேப்பரில் எனக்கு முன்பே பாஸானாள். இரண்டாவதில் ஒரு முறை தவறிப்போனாள். அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. அந்தத் தேர்வில் ஒரு குரூரமான விதி உண்டு. முதல் பேப்பர் பாஸான பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டாவதையும் முடிக்காவிட்டால், பாஸான முதல் பேப்பரும் செத்துப்போகும். ஃபிலோவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதற்கு ஃபீஸ் கட்ட வீட்டில் காசு இல்லை. தம்பியை அந்த வருடம்தான் காலேஜில் சேர்த்திருந்தார்கள். கம்பெனியோ பாஸான பிறகுதான் தரும்.

அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஒரு நாள் காண்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது, அவள் குடிக்கவில்லை. என்ன என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் பேப்பருக்குக் கருமாதி பண்ணணும் மச்சா. நீயும் வந்துரு."

பெங்களூரில் பெண்களும் மச்சா என்றுதான் சொல்வார்கள். தமிழ்நாட்டு உறவினர்கள் இதைக் கேட்டு மிரண்டிருக்கிறார்கள்.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பாஸான பேப்பர் ஒன்று எங்கோ அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டருக்குள் மெல்ல மூச்சு நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று நினைக்கவே ஒரு மாதிரி இருந்தது. முன்பணம் என்று கேட்டால் விதியில் இடமில்லை. ஆனால் நாங்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்கள். எந்தச் செலவு எந்தத் தலைப்பின் கீழ் உட்காரும் என்று பார்ப்பதற்குத்தான் சம்பளமே வாங்குகிறோம். மேடத்தின் கையில் ஒரு பட்ஜெட் இருந்தது. தலைப்பு 'டீம் என்கேஜ்மென்ட்'. அதை அவர் யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதில்தான் டீம் லஞ்ச் நடக்கும். பெரிய ஹோட்டல், பஃபே, இனிப்பு வகைகளுக்கே தனி மேஜை. விதிமுறையைத் திறந்து படித்தேன். அந்தத் தலைப்புக்குக் கீழே விருந்து, விளையாட்டு, 'கற்றல் தொடர்பான செயல்கள்' என்று இருந்தது. லஞ்சுக்கு ஒதுக்கிய தொகையும் ஃபிலோவின் ஃபீஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

டீமில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இந்த முறை லஞ்ச் வேண்டாமென்று சொல்லலாமா? எல்லோரும் சரி என்றார்கள். ஒருத்தன் மட்டும் அந்த ஹோட்டலின் பிரியாணியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுச் சரி என்றான்.

ஃபிலோவுக்கு இது பிடிக்கவில்லை. "எல்லார் சோத்துலயும் நான் எக்ஸாம் எழுதணுமா?" என்றாள். எழுதாவிட்டால் வேறு எவனாவது எழுதுவான், அவன் உனக்கு மேனேஜராக வருவான் என்றேன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் கேட்பதற்கு ஒப்புக்கொண்டாள்.

அந்த வாரம் எல்லோருக்கும் வீட்டிலிருந்து வேலை. மேடம் மட்டும் ஆபீஸ் போயிருந்தார். மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் கால், நாங்கள் மூன்று பேர் மட்டும். வேறு நேரம் கிடைக்கவில்லை. ஜீவனஹள்ளியில் கரண்ட் போயிருந்தது. மொபைல் நெட்டில் பேசினேன். பால்கனித் தகரக் கூரையில் மழை கொட்டியது, பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. ஃபிலோ ஆதார் வேலையாக வெளியே போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் முழுக்க ஹாரன். மேடத்தின் பக்கம் மட்டும் அமைதி. இடையிடையே அவர் குரல் உடைந்து, தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுவதுபோல் வந்தது. ஊட்டா ஆச்சா என்று எங்களை அவர் அன்று கேட்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். செத்துப்போகப் போகும் முதல் பேப்பர், டீம் என்கேஜ்மென்ட் தலைப்பு, கற்றல் தொடர்பான செயல்கள், லஞ்சுக்குப் பதில் ஃபீஸ். பாஸானால் ஃபிலோவுக்கு வர வேண்டிய பணத்தில் அடுத்த லஞ்ச்சை அவளே வைப்பாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். இதை அவளிடம் நான் கேட்டிருக்கவில்லை. பஸ்ஸின் இரைச்சலுக்குள் அவள் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

மேடம் மரத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நானும் இங்கிருந்தே அதைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது, மழைச் சத்தம் தாலாட்டியது. மழையில் ரோஸ் நிறப் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே தண்ணீரில் மிதந்து போயின. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கரகரப்புக்கு நடுவே ஒரு சொல்லின் வால் மட்டும் வந்தது. "...டோணா."

கால் கட்டானது.

அடுத்த நொடியே ஃபிலோவுக்குப் போன் போட்டேன். மாடோணா சொல்லிட்டாங்க, பார்த்தாயா என்றேன்.

"நோடோணான்னாங்க மச்சா. எனக்குத் தெளிவா கேட்டுச்சு."

"பஸ்ல இருந்துகிட்டு உனக்கு எப்படித் தெளிவா கேக்கும்?"

"தூங்கிட்டிருந்த உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

அதற்குள் அவள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கி நடந்துகொண்டே சொன்னாள், விட்டுவிடு, பேப்பர் போனால் போகிறது, அந்த மாதிரி அடி எல்லாம் பழக்கம்தான் என்று. குரல் சாதாரணமாக இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

திரும்ப மேடத்தைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவரோடு வேலை செய்யாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். இரண்டாவது முறை கேட்டால், முதல் முறை மாடோணா சொல்லியிருந்தாலும் யோசிக்க ஆரம்பித்து நோடோணா ஆகிவிடும். கேட்காமலே இருந்தால் ஒன்றும் நடக்காது. தேர்வுக்குப் பதிய வேண்டிய கடைசி நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கரண்ட் வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். மெயில் எழுதினேன். அலுவலக உலகில் இதைவிடப் பலமான ஆயுதம் இல்லை. 'இன்று பேசியபடி' என்று தொடங்கும் மெயில். இன்று பேசியபடி, இந்த அரையாண்டு டீம் லஞ்ச்சுக்குப் பதிலாக ஃபிலோமினாவின் தேர்வுக் கட்டணத்தை டீம் என்கேஜ்மென்டில் இருந்து கட்ட நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அவ்வளவுதான். மொத்த டீமுக்கும் நகல் போட்டேன். அனுப்பு பட்டனின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு முறை நினைத்துப் பார்த்தேன். நிஜமாகவே எனக்கு மாடோணா என்றுதான் கேட்டதா? மழைக்குள் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் 'மா' இருந்தது. கொஞ்சம் மங்கலாக, ஆனால் இருந்தது.

அனுப்பினேன்.

முதலில் பிரியாணிக்காரன் பதில் போட்டான்: நன்றி மேடம். அப்புறம் ஒவ்வொருவராக. நன்றி மேடம். மிக்க நன்றி மேடம். கடைசியில் ஃபிலோவும், ரொம்பத் தயங்கி, நன்றி மேடம். மேடத்திடமிருந்து அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாள் மதியம் வரையும் வரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒரே ஒரு சொல் வந்தது: ப்ரொசீட்.

ஃபிலோ எழுதினாள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் அவள் வியாழக்கிழமை மட்டுமல்லாமல் மற்ற நாட்களிலும் மெழுகுவர்த்தி வாசனையோடு வந்தாள். முடிவு வந்த நாளில் ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினாள். பார்த்தேன். பாஸ். இரண்டு பேப்பரும் உயிரோடு இருந்தன. வெளியே பார்த்தேன், மரத்தில் இலைதான் இருந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

கம்பெனி அவளுக்குப் போனஸ் கொடுத்தது. ஒரு வருடம் கழித்துப் பெரிய வேலை கிடைத்து வேறு கம்பெனிக்குப் போனாள். அவள் வைப்பதாக நான் வாக்குக் கொடுத்த லஞ்ச் மட்டும் நடக்கவே இல்லை. யாருக்காவது வேலை, யாருக்காவது லீவு, அப்புறம் டீமே கலைந்தது.

என் கடைசி நாளன்று பேட்ஜைக் கொடுத்துவிட்டு நின்றேன். மேடம் பையை எடுத்துக்கொண்டு வந்து, வா, ஊட்டா மாடோணா என்றார். சாப்பிடலாம் என்று அர்த்தம். மெட்ரோ பிடித்து மல்லேஸ்வரம் போனோம். அவர் வீட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல். அங்கே ஒரு தூணில் சாய்ந்து ஃபிலோ நின்றிருந்தாள். மேடம்தான் வரச் சொல்லியிருக்கிறார்.

இட்லி வந்தது. மாலை வெயில் தட்டில் விழுந்தது. இனி மேனேஜரும் இல்லை, எம்ப்ளாயியும் இல்லை என்ற தைரியத்தில் கேட்டேன். அன்று மழையில், அந்தப் போன் காலில், நீங்கள் சொன்னது நோடோணாவா மாடோணாவா?

மேடம் சாம்பாரில் இட்லியை ஊறவிட்டபடி யோசித்தார்.

"ரெண்டும் இல்ல பா. ஊட்டாவே மாடோணா அப்படின்னேன்."

எனக்குப் புரியவில்லை. ஃபிலோவுக்குத்தான் முதலில் புரிந்தது. லஞ்சே வைத்துவிடலாம், ஃபீஸ் எல்லாம் வேண்டாம். அதாவது மாட்டேன்.

"அப்போ நான் சொன்னதுதான் கரெக்ட். நோ தான்," என்றாள் ஃபிலோ.

"மாடோணா கேட்டுதே எனக்கு," என்றேன்.

"அதுவும் இருந்துதே பா, கடைசில," என்றார் மேடம். பசி வேளையாம், ஆடிட் கேள்வி வருமோ என்று பயமாம், சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாராம். மறுநாள் மெயிலைத் திறந்ததும் கோபம் வந்ததாம். என்ன தைரியம் இவனுக்கு என்று மறுப்பு எழுத உட்கார்ந்தாராம். அதற்குக் கீழே வரிசையாக நன்றி மேடம், நன்றி மேடம்.

"எல்லாரும் சோறு வேணாம்னு தேங்க்ஸ் சொல்றீங்க. நான் ஒருத்தி மட்டும் சாப்பிட்டே ஆகணும்னு மெயில் போட்டா நல்லாவா இருக்கும்?"

கொஞ்ச நேரம் மூவரும் சாப்பிட்டோம். எங்களுக்கு எதிரே வெயில் மஞ்சளாகி ரோஸாகிக்கொண்டிருந்தது. அத்தனை வருடமும் தப்பாகக் கேட்ட ஒரு சொல்லின் மேல் நடந்திருக்கிறோம், விழவில்லை. பிள்ளைகளே, உங்கள் சாட்பாட்டிடம் என்ன டைப் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அது எதையும் தப்பாகக் கேட்காது, அதற்குப் பசிக்காது, டீம் முழுக்க நன்றி சொன்னாலும் வெட்கப்படாது. அதற்கு மேலே எங்காவது ஒரு சுதா மேடம் இருப்பார். அவரைத் தேடுங்கள். சாப்பிட்டாரா என்று முதலில் கேளுங்கள்.

கவுன்டரில் ஃபிலோ முந்திக்கொண்டு காசு கொடுத்தாள். பாக்கி இருந்த லஞ்ச் இதுதான் என்றாள். மேடம் கையை நீட்டி, பில்லைக் கொடு, டீம் என்கேஜ்மென்டில் போட்டு உனக்குத் திருப்பித் தருகிறேன் என்றார்.

"நான் இப்போ உங்க டீம் இல்லையே மேடம். அப்ரூவ் ஆகுமா?"

மேடம் கடைசி இட்லியை வாயில் போட்டுக்கொண்டார். அதோடு என்னவோ சொன்னார். அப்போது தெருவில் ஒரு பஸ் ஹாரனடித்துக்கொண்டு போனது. முன்பாதி கேட்கவில்லை, "டோணா" மட்டும் கேட்டது. ஃபிலோ என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"மெயில் போட்டுரட்டுமா மேடம்?" என்றேன்.